மேலவரின் குடலும் ஒரு நல்ல கயிறும்

என் தங்கை வீட்டுக்காரரைச் சைட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மேலவர்' என்பார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறவர். காலை ஏழு மணிக்கு இருநூறு படி ஏணி ஏறி, உச்சியில் இருக்கும் கண்ணாடிக் கேபினுக்குள் உட்கார்ந்தார் என்றால் சாயங்காலம்தான் இறக்கம். கீழேயிருந்து பார்த்தால் ஆள் தெரியவே மாட்டார். குரல் மட்டும் எங்கள் எல்லோர் இடுப்பிலும் தொங்கும் வாக்கி-டாக்கியில் கேட்கும். "மேலவர் என்ன சொல்றார்?" என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே கம்பியும் நகரும், கான்கிரீட்டும் நகரும்.

நான் அவருடைய சிக்னல்மேன். கீழே நின்று சுமையைக் கொக்கியில் மாட்டி, "தூக்குங்க, நிறுத்துங்க, இடது பக்கம், இன்னும் ஒரு அடி" என்று சொல்லிக்கொண்டே இருப்பது என் வேலை. மேலேயிருந்து அவருக்கு ஊரே தெரியும். சுவருக்குப் பின்னால் இறங்கும் சுமை தெரியாது. அங்கே நான்தான் அவர் கண். பத்து வருஷமாக, நாளைக்கு எட்டு மணி நேரம் அவர் காதுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். என் தங்கைகூட அவரிடம் அவ்வளவு பேசியிருக்க மாட்டாள். பேசியிருந்தாலும் அவர் காதில் வாங்கியிருக்க மாட்டார்.

வேலையில் குறை சொல்ல முடியாத மனிதர். மூன்று டன் சுவர்ப் பலகையை அவர் தரையில் இறக்கினால் சத்தம் வராது. பக்கத்தில் நிற்பவன் திரும்பிப் பார்த்த பிறகுதான் பலகை வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வான். இதைப் பார்த்துத்தான் நான் அவருக்குத் தங்கையைக் கொடுத்தேன். கிரேனை நிதானமாக ஓட்டுகிறவன் குடும்பத்தையும் நிதானமாக ஓட்டுவான் என்று ஒரு கணக்கு. கணக்கு பெரும்பாலும் சரிதான். தன் உடம்பு விஷயத்தில் மட்டும் அவர் நிதானமெல்லாம் எங்கேயோ போய்விடும்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் மலத்தோடு ரத்தம் வந்தது. மூலம் என்று தானாகவே முடிவு கட்டி, மூன்று மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. எடை ஒன்பது கிலோ இறங்கிய பிறகு தங்கை பிடித்து இழுத்துப்போனாள். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார்: பெருங்குடலின் உட்சுவர் முழுக்கப் புண், அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். உடம்பைக் காவல் காக்க வேண்டிய படை, சொந்தக் குடலையே எதிரி என்று நினைத்து அடித்துக்கொண்டிருக்கிறது. அடியோடு தீராது, ஆனால் அடக்கி வைக்கலாம். தினமும் காலைச் சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. மாத்திரை வேலை செய்தது. நாலரை வருஷம் அந்த வியாதி இருந்த இடம் தெரியவில்லை.

அப்புறம் ஒரு பல்வலி வந்தது. பல் டாக்டர் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். அது நியாயம். அடுத்த மாதம் தொண்டை கரகரத்தபோது இவராகவே மருந்துக்கடையில் அதே மாத்திரையை வாங்கிப் போட்டார். அதற்கடுத்த மாதம் வயிறு லேசாக இளகியது, அதற்கும் அதையே போட்டார். "கிருமிதானே மச்சான், கொன்னா சரியாயிடும்" என்றார். நானும் தலையாட்டினேன். எனக்குத் தெரிந்த மருத்துவமும் அவ்வளவுதான்.

வயிறு சரியாகவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை போனது நாலு தடவை ஆயிற்று, பிறகு ஏழு. இந்த வியாதியின் கொடுமை தடவையில் இல்லை, அவசரத்தில் இருக்கிறது. வந்துவிட்டது என்றால் இரண்டு நிமிஷம் பொறு என்று அதனிடம் பேச முடியாது. கிரேன் கேபினில் கழிப்பறை கிடையாது. சின்ன விஷயத்துக்கு எல்லா ஆபரேட்டரும் ஒரு பாட்டில் வைத்திருப்பார்கள், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அந்தப் பாட்டிலை இறக்கி வருபவரிடம் யாரும் கை குலுக்குவதும் இல்லை. பெரிய விஷயத்துக்கு ஏணிதான். வேகமாக இறங்கினாலும் ஆறு நிமிஷம்.

மேலவர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். சாப்பிடுவதை நிறுத்தினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொஞ்சம், காலையில் ஒன்றுமில்லை, பகலில் ஒன்றுமில்லை. "உள்ள ஒண்ணும் போகலைன்னா வெளிய வர்றதுக்கு என்ன இருக்கு?" என்பது அவர் வாதம். சுமை இல்லாத கொக்கி யாருக்கும் தொந்தரவு தராது என்று நினைக்கிற ஆபரேட்டர் புத்தி. தங்கை கட்டிக் கொடுக்கும் டப்பாவைக் கேபின் மூலையில் வைத்து, சாயங்காலம் இறங்கும்போது எனக்குக் கொடுத்துவிடுவார். நான் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லத்தானே உட்கார்ந்திருக்கிறேன்: அவர் பட்டினி கிடந்த எட்டு வாரத்தில் எனக்கு மூன்று கிலோ கூடியது.

இதில் இன்னொரு கூத்து. மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பின் போடச் சொல்லியிருந்தார்கள். சாப்பாடு இல்லையா, மாத்திரையும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி கேட்கிற மனிதர் பாருங்கள்.

பட்டினி போட்டும் அவசரம் நிற்கவில்லை. புண்ணுக்குச் சாப்பாடு தேவையில்லை, அது பாட்டுக்கு ரத்தமும் சளியுமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒரு திங்கட்கிழமை பத்தரை மணிக்கு வாக்கி-டாக்கியில் அவர் குரல் வந்தது. "மச்சான், இறங்கணும்." இரண்டே வார்த்தை. குரலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் அந்த அலைவரிசையில் இருபது பேர் இருக்கிறார்கள். கம்பி கட்டுகிறவர்கள், தச்சர்கள், சைட் இன்ஜினியர், எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் யோசிக்கவே இல்லை. "ஆமா மாப்ள, கொக்கிய இறக்கிட்டு வாங்க, கயிறு ஒரு தடவ பாக்கணும்" என்றேன்.

கயிறு என்றால் கிரேனின் இரும்புக் கயிறு. பெருவிரல் தடிமன், நூற்றுக்கணக்கான மெல்லிய கம்பிகளை முறுக்கிச் செய்தது. ஒரு கம்பி அறுந்து முள் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தாலும் கவனிக்க வேண்டும். அதனால் கயிறு பார்க்கணும் என்று யார் சொன்னாலும் மறுபேச்சு இல்லாமல் கிரேன் நிற்கும். உயிர் விஷயம். அந்த ஒரு வார்த்தைக்கு இருந்த மரியாதையைத்தான் நான் திருடினேன். அவர் இறங்கி வந்து, கிரேன் அடியில் இருந்த தகரக் கழிப்பறைக்குள் போனார். நான் கையுறையோடு கயிற்றைத் தடவிக்கொண்டு நின்றேன், பார்க்கிறவர்களுக்காக. பிறகு கிரேன் நோட்டில் எழுதினேன்: 'கயிறு பார்வை, இருபது நிமிடம்.'

அடுத்த முறை சுலபமாக இருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் சுலபம். நான் மாப்பிள்ளையின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்குள் ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

ஐந்தாவது வாரம் தங்கை மறுபடி அவரை டாக்டரிடம் இழுத்துப்போனாள். நானும் போனேன். இந்தத் தடவை வேறு டாக்டர், நாற்பது வயதுப் பெண்மணி, பேசும்போது எழுதாமல் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர். மேலவர் தன் பட்டினி வைத்தியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். "குடலுக்கு ஓய்வு குடுக்கிறேன் டாக்டர்."

"உங்களுக்கு ஓய்வு. அங்க குடியிருக்கறவங்களுக்கு?" என்றார் டாக்டர்.

மூன்று பேரும் முழித்தோம். அவர் சொன்னார். குடலுக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன, அவற்றில் பல நமக்காகவே வேலை பார்க்கின்றன. நாம் சாப்பிடும் நார்ச்சத்து அவற்றுக்குச் சாப்பாடு. அதைத் தின்றுவிட்டு அவை தருவதை வைத்துத்தான் குடல் சுவரின் உயிரணுக்கள் பிழைக்கின்றன. சுவர்மேல் வழவழவென்று ஒரு பூச்சு இருக்கிறது, அது கிருமியையும் சுவரையும் தள்ளி வைக்கிறது. "வெளியிலேர்ந்து சாப்பாடு வரலைன்னா, உள்ள இருக்கறதுல சிலது அந்தப் பூச்சையே தின்ன ஆரம்பிச்சுடுது. எலிகள்ல தெளிவாப் பாத்திருக்காங்க. மனுஷங்கள்ல இன்னும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

"அப்ப ஆன்டிபயாடிக்?" என்று தங்கை கேட்டாள். கேட்டுவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த குடல் படத்தை ரொம்ப ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தேவைப்பட்டா போட்டுத்தான் ஆகணும். தேவையில்லாமப் போட்டா கெட்டவனத் தேடிப் போய்த் தெருவையே காலி பண்ற மாதிரி. காலியான வீட்டுல யாரு வந்து குடியேறுவாங்கன்னு சொல்ல முடியாது. அதுக்கும் ஒரு டெஸ்ட் எழுதறேன்."

"தயிர் நிறையக் குடுக்கலாமா? அதுல நல்ல கிருமி இருக்காமே" என்றாள் தங்கை.

"ஒத்துக்கிட்டா குடுங்க. மருந்துக்குப் பதிலா வேண்டாம். இந்த வியாதில குடல் கெட்டதால எதிர்ப்புச் சக்தி தப்பாப் போச்சா, எதிர்ப்புச் சக்தி தப்பாப் போனதால குடல் கெட்டுச்சான்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியல. சாப்பாட்டாலதான் வந்ததுன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க, சாப்பாட்டாலயே போயிடும்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. ஆனா பட்டினி போட்டா ஆறாது. இப்போதைக்குக் குழைய வெந்ததா, கொஞ்சம் கொஞ்சமா, நேரத்துக்குச் சாப்பிடணும். புண்ணு அடங்கினதும் நார்ச்சத்த மெதுவாக் கூட்டலாம்."

எனக்கு அந்த அம்மாளைப் பிடித்துப்போயிற்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற டாக்டரை அன்றுதான் பார்த்தேன்.

பிறகு அவர் பேனாவை மூடிவிட்டு மேலவரிடம் சொன்னார், குரலை உயர்த்தாமல். "இந்த மாத்திரையில அடங்கலைன்னா அடுத்த மருந்து. அதுலயும் அடங்கலைன்னா ஆஸ்பத்திரில படுக்கணும். அப்பவும் அடங்கலைன்னா பெருங்குடலையே எடுக்க வேண்டி வரலாம். அங்க போகாம இருக்கறதுக்குப் பாதி என் கையில. பாதி உங்க கையில. வேல செய்யற இடத்துல சொல்லியாச்சா? வேளைக்குச் சாப்பிடவும், அவசரத்துக்குப் போகவும் அங்க ஏற்பாடு வேணும்."

"சொல்லியாச்சு" என்றார் மேலவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். "ஏன் மாப்ள பொய் சொன்னீங்க?"

"நீங்க ஏன் தலையாட்டினீங்க?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் சைட்டில் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் மறுபடி போட ஆரம்பித்தார், ஆனால் பகலில் இன்னும் சாப்பிடவில்லை. கேபினில் சாப்பிட்டால் இறங்க வேண்டி வரும் என்ற பயம் டாக்டர் சொன்ன பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கயிறு பார்வைகள் தொடர்ந்தன. நான் எழுதிக்கொண்டே வந்தேன்.

எங்கள் கிரேனுக்கு ஒரு மெக்கானிக் உண்டு. ஐம்பத்தெட்டு வயது, தனி ஆள், பேச்சு குறைவு. அந்தக் கயிற்றை அவர் கவனிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வரும். வாரத்துக்கு ஒரு முறை முழு நீளத்தையும் பழைய துணியால் பிடித்து ஓடவிடுவார். ஒரு கம்பி அறுந்திருந்தாலும் துணியில் மாட்டும். பிறகு கண்ணால் பார்ப்பார். பிறகு கிரீஸ் போடுவார். தன் கையால் போட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். எட்டாவது வாரம் ஒரு வெள்ளிக்கிழமை கிரேன் அடியில் அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் புதுக் கண்ணாடி.

"நல்லா இருக்குண்ணே கண்ணாடி" என்றேன்.

"கண்ணு போயிடுச்சு தம்பி" என்றார். "நோட்டுல பாத்தேன். எட்டு வாரத்துல இருபத்து மூணு தடவ கயிறு பாக்கணும்னு நிறுத்தியிருக்கீங்க. நீங்க ரெண்டு பேரும் சும்மா நிறுத்தற ஆளுங்க இல்ல. ஏதோ இருக்கு. நான் தடவிப் பாக்கறேன், ஒண்ணும் தெரியல. விளக்கு வெச்சுப் பாக்கறேன், ஒண்ணும் தெரியல. அப்ப என் கண்ணுலதான கோளாறு? கண் டாக்டர்கிட்டப் போனேன். கண்ணாடி போட்டும் தெரியல. இனிமே விரல்லயும் உணர்ச்சி இல்லையோ என்னவோ."

நான் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"இன்ஜினியர் திங்கக்கெழம கயிற மாத்தச் சொல்லிட்டாரு. புதுக் கயிறுக்கு ஆர்டர் போட்டாச்சு. என்னையும் மாத்தறாங்க. சின்ன வயசு ஆளா ஒருத்தர் வராராம். தப்பில்ல. கயிறு அறுந்து யாராவது செத்தா நான் என்ன பண்ணுவேன்? அதுக்கு முன்னாடி போயிடறது நல்லது." இதைச் சொல்லிவிட்டு அந்த நல்ல கயிற்றைத் துணியால் ஒரு முறை துடைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தங்கை வீட்டுக்குப் போனேன். அவள் உருளைக்கிழங்கை வேகவைத்து மசித்துக்கொண்டிருந்தாள். மேலவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். கன்னத்து எலும்பு வெளியே வந்திருந்தது, பெல்ட்டில் புதிதாக ஒரு ஓட்டை போட்டு இறுக்கியிருந்தார். நான் மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னேன். கண்ணாடியையும் விடாமல் சொன்னேன்.

தங்கைக்கு இந்தக் கயிறு விஷயமே தெரியாது. இரண்டு தடவை கேட்டுப் புரிந்துகொண்டாள். புரிந்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அண்ணா, இது உன் மூளையா, இவரு மூளையா?"

"என் மூளைதான்" என்றேன்.

"உங்க ரெண்டு பேருக்கும் வெக்கமா இல்ல? ஒருத்தர் வயித்த மறைக்க இன்னொருத்தர் கண்ணக் குருடாக்கியிருக்கீங்க. அந்த மனுஷன் ராத்திரி படுத்து என்ன நெனச்சிருப்பாரு?"

"நான் சொன்னா என்ன மேல ஏத்த மாட்டாங்க" என்றார் மேலவர். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏத்தாட்டிப் போகட்டும். கீழ எவ்வளவோ வேல இருக்கு."

"கீழ நான் யாரு?" என்றார். "சொல்லு. கீழ என்ன யாருக்குத் தெரியும்? மேல உக்காந்தாத்தான் நான் ஆளு. இப்ப இருபது பேரு முன்னாடி எனக்கு இந்த மாதிரி போகுதுன்னு சொல்லணும். அப்புறம் நான் வாயத் திறந்தாலே அவனுங்களுக்கு அதுதான் ஞாபகம் வரும்."

எனக்குக் கோபம் வந்தால் 'நீங்க' மறந்துவிடும். "அப்ப அந்தாளு வீட்டுக்குப் போகட்டும், நீ மேல ஜம்முனு உக்காரு. குடலையும் அறுத்து எடுத்துட்டு வரட்டும், அத மடியில வெச்சுக்கிட்டு உக்காரு" என்றேன். சொன்ன அடுத்த நொடியே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் அழுதார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. தங்கை போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள், தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் ஊட்டினாள். அவர் சாப்பிட்டார். நான் சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல அவர் ஏறினார். ஒன்பது மணிக்குப் புதுக் கயிற்றுச் சுருளோடு லாரி வந்து நின்றது. இன்ஜினியர் வந்தார், புது மெக்கானிக் பையோடு வந்தார், எங்கள் பழைய மெக்கானிக் ஓரமாக நின்றார். தன் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். இன்ஜினியர் வாக்கி-டாக்கியில் சொன்னார், "மேலவரே, கொக்கிய இறக்குங்க. கயிற உருவணும்."

கொக்கி அசையவில்லை.

"மேலவரே, கேக்குதா?"

"கேக்குது சார்" என்றது குரல். எல்லோர் இடுப்பிலும் ஒரே நேரத்தில் கேட்டது. "கயிறு நல்லா இருக்கு. மாத்த வேண்டாம்."

"நீங்கதான இருபது தடவைக்கு மேல நிறுத்தினீங்க?"

அவர் பேசினார். சுமையை இறக்குகிற அதே நிதானத்தில் பேசினார். "எனக்குப் பெருங்குடல்ல புண்ணு சார். ஆறு வருஷமா இருக்கு. இப்ப அதிகமாயிடுச்சு. ரத்தம் போகுது. ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவ போகணும், வந்தா அடக்க முடியாது. ஒரு தடவ ஏணிலயே ஆயிடுச்சு. இத எல்லார் முன்னாடியும் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுக் கயிறு பாக்கணும்னு பொய் சொன்னேன். எல்லாத் தடவையும் பொய்தான். மெக்கானிக் அண்ணன் பாத்தது சரி. அவரு கையிலயும் கோளாறு இல்ல, கண்ணுலயும் இல்ல. அவர அனுப்பாதீங்க. மச்சானுக்கு இது எதுவும் தெரியாது. நான் சொன்னத நம்பி எழுதினாரு."

ஏணியில் ஆன விஷயம் எனக்கே அப்போதுதான் தெரியும். கம்பி கட்டுகிறவர்கள் கையில் முறுக்குக் கம்பியோடு அப்படியே நின்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. இன்ஜினியர் தலையைத் தூக்கி மேலே பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மெக்கானிக்கும் என்னைப் பார்த்தார்.

என் பெருவிரல் பொத்தான் மேல் இருந்தது. அழுத்தாமல் இருந்திருக்கலாம். மனிதர் எனக்காக வாசலைத் திறந்துவைத்துவிட்டார், நான் நைசாக வெளியே போயிருக்கலாம். நான் கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"தெரியும்" என்றேன். "முதல் நாளே தெரியும். அந்தப் பொய்யே என்னோடதுதான். டாக்டர்கிட்டயும் நான் தலையாட்டினேன்."

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றினார். அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "அப்ப என் கண்ணு சரியாத்தான் இருந்திருக்கு" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு என்னிடம், "தம்பி, வெள்ளிக்கெழம நான் இங்க நின்னு அவ்வளவு சொன்னேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்" என்றார்.

மேலவர் அன்றைக்கு இறங்கியது இறங்கியதுதான், நாலு மாதம் ஏறவில்லை. அதில் பதினொரு நாள் ஆஸ்பத்திரி. சோதனையில் வேறு புதுக் கிருமி ஒன்றும் இல்லை என்று வந்தது, அது ஒரு நிம்மதி. முதலில் ஒரு மருந்து, பிறகு நரம்பில் ஏற்றுகிற இன்னொரு மருந்து. குடலை எடுக்க வேண்டி வரவில்லை. பாதி மருந்தாலா, பாதி சாப்பாட்டாலா, ஒளிக்கிற வேலை போனதாலா என்று கேட்டால் டாக்டர் சிரித்துக்கொண்டு, "எல்லாத்துலயும் கொஞ்சம்னு வெச்சுக்குங்க" என்றார். தங்கை வாரத்துக்கு ஒரு புதுப் பண்டம் என்று கணக்கு வைத்துச் சேர்த்தாள். ஒரு வாரம் வெந்த கேரட், ஒரு வாரம் பருப்பு, ஒரு வாரம் தோல் நீக்கிய ஆப்பிள். ஒத்துக்கொள்ளாததை இரக்கமில்லாமல் நீக்கினாள். தினமும் வேளைக்கு உள்ளே அனுப்பப்பட்டது எங்கோ யாருக்கோ போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அவர் கன்னம் மறுபடி நிரம்பியது.

சைட்டில் எங்களைத் துரத்தவில்லை. மாற்று ஆபரேட்டர் கேட்கலாம், பகலில் இரண்டு முறை இறங்கலாம் என்று ஏற்கெனவே ஒரு விதி காகிதத்தில் இருந்ததாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்களா, தெரியாது. நாங்கள் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும். நோட்டில் பொய் எழுதியதற்காக என்னைச் சிக்னலிலிருந்து எடுத்து வாசல் கதவுக்குப் போட்டார்கள். அது நியாயமான தண்டனை. மெக்கானிக் இருக்கிறார். மேலவரிடம் பேசுகிறார், போன வாரம் அவருக்கு ஒரு வாழைப்பழம்கூடக் கொடுத்தார். என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறார்.

மேலவர் திரும்ப ஏறிய முதல் வாரம். பதினொன்றரை மணி இருக்கும். நான் வாசலில் லாரி நம்பர் எழுதிக்கொண்டிருந்தேன், மேஜைமேல் வாக்கி-டாக்கி இரைந்துகொண்டிருந்தது. அடுத்த சுமையை மாட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர் குரல் வந்தது.

"எனக்கு வயிறு சரியில்ல. இறங்கணும்."

என் கை தானாக வாக்கி-டாக்கிக்குப் போயிற்று. ஏதாவது சொல்லி மூட வேண்டும் என்று உடம்பே பழகியிருந்தது. அதற்குள் சிக்னலுக்குப் புதிதாக வந்த பெண் பதில் சொல்லிவிட்டாள், சாதாரணமாக, மணி கேட்டால் மணி சொல்வது போல.

"சரிண்ணே. நிதானமா இறங்குங்க. நாங்க நிக்கிறோம்."

இருபது பேரும் கேட்டார்கள். தச்சர்கள் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். ஏணிக் கூட்டுக்குள் அவர் ஆரஞ்சுச் சட்டை படிப்படியாக இறங்குவதை நான் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வருஷம் அவர் காதுக்குள்ளேயே இருந்தவன் நான். இந்த ஒரு பதிலைச் சொல்ல எனக்கு ஒரு நாளும் வாய் வரவில்லை.